நடுவரும் முதலுதவியும்

திடலில் விதிகளைக் காப்பது நடுவரின் கடமை என்பதை அறிவீர்கள். ஆட்டக்காரரின் உயிரைக் காப்பதிலும் அவருக்குப் பங்குண்டு.

2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கோப்பன்ஹேகன் நகரில் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. முதற்பாதி முடியுந் தறுவாயில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், எவரும் மோதாமலே நிலத்தில் சாய்ந்தார். நடுவர் அந்தோணி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைத்தார். எரிக்சனின் இதயம் நின்றுபோயிற்று. மருத்துவக் குழுவினர் நெஞ்சை அழுத்தியும் மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தியும் அவர் உயிரை மீட்டனர். அவரே 2024ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அடுத்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஸ்லோவீனியாவிற்கு எதிராகக் கோல் அடித்தார்.

பெரிய அரங்கில் மருத்துவர் அருகிலேயே இருப்பர். பள்ளித் திடலிலும் தோட்டத் திடலிலும் யார் இருப்பர்? ஊதல் ஏந்திய ஆசிரியரும், கொடி பிடித்தவரும், நேரங் குறிப்பவருமே இருப்பர். இதயம் நின்றால் மூளைக்குக் குருதி செல்லாது. சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். தொலைவிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை கைகட்டி நிற்கலாகாது. ஆகவே போட்டி அதிகாரிகள் அறிய வேண்டிய முறை இதுவாகும்:

1. ஆட்டத்தை நிறுத்துக. விழுந்தவரின் தோளைத் தட்டி அழைத்துப் பார்க்க.

2. உணர்வின்றி, மூச்சும் இன்றி இருப்பின், ஒருவரை 999 எண்ணை அழைக்கச் சொல்க; மற்றொருவரை மின்னதிர்வுக் கருவி கொண்டுவர அனுப்புக. விட்டுவிட்டுத் திணறும் மூச்சை இயல்பான மூச்சென்று எண்ணற்க.

3. அவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு கைமேல் மறு கையை வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துக. சிறுவராயின் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் போதும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுதும் மேலெழ விடுக.

4. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாய்வழி மூச்சு ஊதலாம். களைத்தால் ஆள் மாறுக, அழுத்துவதை நிறுத்தற்க.

5. கருவி வந்ததும் அதன் குரல் கூறுவதைப் பின்பற்றுக.

மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது நம்மிடையே உள்ள பழக்கம். அது மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும்; அறவே தவிர்த்தல் வேண்டும்.

படித்த அளவில் இக்கலை கைவராது. செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் பொம்மையைக் கொண்டு இதனைக் கற்பிக்கின்றன. மாணவர்களே, நண்பர்களின் மார்பில் அழுத்திப் பழகாதீர்கள். எவரேனும் விழக் கண்டால் ஓடிச்சென்று பெரியோரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, போட்டி நாளுக்கு முன்னரே யார் தொலைபேசியில் அழைப்பது, யார் சாலைமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது என்று ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

வெற்றிக் கிண்ணத்தை அடுத்த ஆண்டும் பெறலாம். போன உயிரைப் பெற இயலாது. முதலுதவி கற்போம், உயிர் காப்போம்!