குறியிசையும் குரலும்



பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி இன்று இளையோரிடையே பரவியுள்ளது. நண்பர்கள் கூடி, கைத்தொலைபேசியைக் கொண்டே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட முடிகிறது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் இசையை எப்போது, எவ்வாறு சேர்ப்பது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. சந்தையில் கற்ற பாடம்

கடந்த கோடையில் எம் மாணவர் நால்வர் ஜான்-டலோன் சந்தைக்குச் சென்றனர். 1933ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அச்சந்தையில் கியூபெக் உழவர்கள் தம் விளைபொருள்களைக் கொணர்ந்து விற்கின்றனர். மாணவி ஒருத்தியின் அம்மம்மாவும் உடன் சென்றிருந்தார். குவிந்திருந்த கத்தரிக்காய்களைக் கண்டதும் அவர் தம் ஊர்த் தோட்டத்தைப் பற்றியும், துலா மிதித்து நீர் இறைத்த நாள்களைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். மாணவர்கள் அதனைப் பதிவு செய்தனர். நிகழ்ச்சி சிறக்கட்டும் என எண்ணி, அருகிலேயே மற்றொரு கைத்தொலைபேசியில் திரையிசை ஒன்றையும் ஒலிக்கவிட்டனர்.

வீடு வந்து கேட்டபோது இசையே முழங்கிற்று. அம்மம்மாவின் குரல் அதனுள் அமிழ்ந்து கிடந்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கதைகளில் உண்டு. இன்றைய மென்பொருள்களும் ஓரளவு பிரித்துத் தரும்; ஆயினும் மெல்லிய குரல் சிதைவுறும்.

2. வானொலி காட்டிய வழி

வானொலியார் தொடக்க இசையைக் குறியிசை என்பர். அகில இந்திய வானொலியின் குறியிசை உங்கள் தாத்தா பாட்டியர் பலர் அறிந்தது. தம்புராவின் சுருதிமேல் வயலின் ஒலிக்கும் அவ்விசை சிவரஞ்சனி இராகத்தைத் தழுவியது. அதனை 1930களில் அமைத்தவராகப் பெரிதும் அறியப்படுபவர் வால்டர் காஃப்மன். 1907இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த யூதரான அவர், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1934இல் பம்பாயில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் கனடாவுக்கு வந்து, 1948 முதல் வினிப்பெக் நகரின் சிம்பொனி இசைக்குழுவை நடத்தினார். அகதியாய் வந்தவர் ஆக்கிய இசை ஒரு நாட்டின் காலைப்பொழுதுக்கே அடையாளமாயிற்று. அது முதலில் ஒலிக்கும், ஓயும், அதன் பின்னரே பேச்சுத் தொடங்கும். குரலோடு போட்டியிடாமையே குறியிசையின் பண்பாகும்.

3. செய்முறை

அ) குரலைத் தனியே பதிவு செய்க. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும்.

ஆ) சந்தையின் இரைச்சலை ஒரு நிமிடம் தனியே பதிவு செய்க. அது பின்னணியாய்ப் பயன்படும்.

இ) ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் குரலை ஒரு தடத்திலும் இசையை மற்றொரு தடத்திலும் இடுக.

ஈ) இசை பத்து முதல் பதினைந்து விநாடிகள் வரை போதும். பேச்சுத் தொடங்குமுன் அதனைப் படிப்படியாகத் தணிக்க. பேச்சின்கீழ் இசை தொடர வேண்டுமாயின், அது குரலைவிட 15 முதல் 20 டெசிபல் தாழ்ந்திருக்கட்டும்.

உ) முடிந்தபின் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்கச் செய்க. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் பணி நிறைவுற்றது.

4. எவருடைய இசை?

திரையிசையை உரிமையாளரின் இசைவின்றிச் சேர்த்தல் தகாது. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைகள் பொதுவுடைமை. எனினும் ஒரு கலைஞர் அவற்றைப் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனியுரிமை இருக்கக்கூடும். ஆகவே உங்களுள் ஒருவர் மிருதங்கத்திலோ வீணையிலோ வாசிக்கும் சிறு பகுதியே சாலச் சிறந்தது.

முடிவுரை

அடுத்த கிழமை மாணவர்கள் அம்மம்மாவிடம் மீண்டும் கேட்டனர். அவரும் மறுக்காது சொன்னார். ஆயினும் கத்தரிக்காயைக் கண்ட கணத்தில் அவர் குரலில் எழுந்த நடுக்கம் மீளவில்லை. இசையை எந்நாளும் சேர்க்கலாம். குரலை அந்நாளில் மட்டுமே பெறலாம். ஆதலின் குரலை முதலில் காப்போம்.

பயிற்சி

1. குரலையும் இசையையும் தனித்தனியே பதிவு செய்வதன் பயன் யாது?
2. குறியிசையின் பண்பு யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஊர்நினைவை ஐந்து நிமிடம் பதிவு செய்து வருக.