மெயினை அணைத்தால் இன்சுலின் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் தெரு மெடிக்கலில்தான் அம்மாவுக்கு மாதாமாதம் இன்சுலின் வாங்குகிறேன். கடை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஃப்ரிட்ஜும் நின்றுவிடுமே! ஆய்வுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் வருவது பகலில். அப்போது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே உள்ளே வெப்பமானி இருக்கிறதா, அளவை எழுதி வைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ‘4 டிகிரி’ என்றே இருந்தால் அந்த நோட்டை யார் நம்புவார்? பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை. சிலர் கூடுதல் குளிர்ச்சி நல்லது என்று ஃப்ரீசரை ஒட்டி அடுக்குவார்கள். உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். வீரியம் குறைந்த மருந்து பார்வைக்கு நல்லது போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

மருந்துக்கடை ஆய்வில் என்னைக் கேட்டால் இரண்டு கேள்விகளே முக்கியம்: யாரிடம் வாங்கினீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள்? மருந்து தரமற்றது என்று தெரியவந்தால், உரிமம் உள்ளவரிடம் வாங்கியதையும், முறையாகப் பாதுகாத்ததையும், குறை தனக்குத் தெரிய வழியில்லை என்பதையும் நிரூபிக்கும் கடைக்காரருக்கு 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மெயினை அணைப்பவர் அதைத் தானே கைவிடுகிறார்.

கொள்முதல் பில்லை அலமாரிப் பெட்டியின் பேட்ச் எண்ணோடு ஒப்பிடுவது அதனால்தான். பில் இல்லாத பெட்டி எங்கிருந்து வந்தது? மற்றபடி காலாவதியானவை தனியே இருக்கின்றனவா, ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்கு 3 ஆண்டுப் பதிவேடு உண்டா என்றும் பார்ப்பார்கள். சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்கும், ஆளைக் காணோம் என்பது நம் ஊர்களில் பழைய கதை. சேம்பிளுக்கு உரிய விலையைக் கொடுத்துத்தான் எடுப்பார்கள். நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, அதில் ஒன்றைக் கடைக்காரரிடமே தருவார்கள்.

வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்க, சட்டத்தின் 26ஆம் பிரிவு உங்களுக்கே உரிமை தருகிறது. பேட்ச் எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். பில் இல்லாத புகாரை வைத்து ஆய்வாளரால் அதிகம் செய்ய முடியாது.

உங்கள் விஷயத்தில் பரிசோதனைக்கு முன்பே ஒன்று செய்யலாம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அது சின்ன வேலை. மறுத்தால் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். காலையில் கடை திறக்கும் நேரத்தில் வந்து பார்க்கும்படி மறக்காமல் குறிப்பிடுங்கள். அதுவரை அம்மாவுக்கு வேறு கடையில் வாங்குங்கள்.