வினையூக்கி மாற்றி: அதன் பிணியும் மருந்தும்

நாடி பாராது மருந்து கொடுத்தல் எத்துணைத் தீங்கோ, குறையை ஆராயாது இயந்திரத்தின் உறுப்பை மாற்றுதலும் அத்துணைத் தீங்கேயாம். திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பிணி இன்னதென அறிதல், அது தோன்றிய காரணம் அறிதல், அதனை நீக்கும் வழி அறிதல் என மூன்றனையும் முறைப்பட வைத்தார். இம்முறை மனிதர் உடம்பிற்கேயன்றி மோட்டார் வண்டிக்கும் பொருந்துமென்பதை, அதன் ஓர் உறுப்பாகிய வினையூக்கி மாற்றியைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இலக்கியம் பயிலும் எமக்கு இஃது எற்றுக்கெனின், இக்குறை வண்டியுடையாரது பணப்பையை மட்டுமன்றித் தெருவில் நடப்பார் அனைவரது மூச்சையும் தொடுவதாகலின் என்க.

பட்டறைகளில் ‘கன்வர்ட்டர்’ என வழங்கும் இவ்வுறுப்பு, எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே புகைக்குழாயில் அமைந்த ஓர் எஃகுக் கலமாகும். அதனுள்ளே தேனடைபோல் நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியொன்று உண்டு. அத்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் மிக மெல்லிதாகப் படிந்துள்ளன. எஞ்சினினின்று வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நஞ்சுகளும் இவற்றைத் தொட்டுச் செல்லுங்கால் கரியமிலவாயு, நீராவி, நைட்ரஜன் என மாறுகின்றன. உலோகங்களோ, மணத்தை முடித்துவைத்துத் தாம் விலகிநிற்கும் தரகரைப்போல, வினையை ஊக்கியும் தாம் செலவாவதில்லை. இவ்வினை நன்கு நிகழ ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூஜின் ஹூட்ரி என்னும் அறிஞர் 1950-களில் மோட்டார்ப் புகைக்கென இத்தகைய கருவியை வகுத்தார். ஆயின், அக்காலத்துப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயம் அவ்வுலோகங்களின்மேற் படிந்து அவற்றைச் செயலறச் செய்தமையின், அது உடனே வழக்கிற்கு வரவில்லை. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை, மும்பை, கல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களிற் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே வழங்கலாயிற்று. இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மாற்றி பெரும்பாலும் தானே கெடுவதில்லை. பிறிதொன்று கெடுக்கவே கெடுகின்றது என்பதாம்.

இனிப் பிணியறியுமாறு கூறுவாம். பச்சைமலையடிவாரத்துப் பூலாம்பாடியில் ஓடும் ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் எஞ்சின் விளக்கு எரிகின்றது. ஸ்கேனர்க் கருவியை இணைத்தால் ‘பி 0420’ என்னும் குறி தோன்றுகின்றது. வினையூக்கியின் திறன் வரம்பிற்குக் குறைந்ததாகக் காணப்படுகின்றது என்பதே அதன் பொருள். மாற்றியைக் கழற்றி எறிக என்பது அதன் பொருளன்று. என்னையெனின், வண்டியின் கணிப்பொறி மாற்றியின் உள்ளே நோக்குவதில்லை. மாற்றிக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் கூறும் சான்றை ஒப்பிட்டே அது தீர்மானிக்கின்றது. சான்று பிழைப்பின் தீர்ப்பும் பிழைக்கும்.

ஆதலின் முதற்கண், உடன் தோன்றும் பிற குறிகளை நோக்குக. சிலிண்டரில் எரிதல் தவறுதல், பெட்ரோலும் காற்றும் அளவு மாறுதல் ஆகியவற்றைக் காட்டும் குறிகள் இருப்பின், அவற்றையே முன்னர்த் தீர்த்தல் வேண்டும். இரண்டாவதாக, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் புகைக்குழாயின் இணைப்புகளிற் செவிகொடுத்துக் கேட்க. ‘டிக் டிக்’ என்னும் ஓசையோ கரிப்படிவோ தோன்றின் அங்கே கசிவுண்டு. அவ்வழி வெளிக்காற்றுப் புகுந்து சென்சாரை மயக்கும். மூன்றாவதாக, எஞ்சினை நன்கு சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றளவில் நிறுத்திச் சென்சார்களின் மின்னழுத்தத்தைப் பார்க்க. பழைய வகையாகிய முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். மாற்றி பிராணவாயுவைச் சேமித்து வேண்டுங்கால் வழங்குவதாகலின், பின் சென்சார் 0.6 அல்லது 0.7 வோல்ட் அளவில் அமைதியாய் நிற்றல் வேண்டும். அதுவும் முன்னதைப்போலவே ஊசலாடின், மாற்றி திறனிழந்தமை பெரிதும் உறுதி. குளிர்ந்தபின் தட்டுங்கால் உள்ளே கலகலவென ஒலிப்பின், பீங்கான் உடைந்தது எனத் துணிக.

மாற்றி கெட்டதாகவே துணிந்தாலும், புதியது பூட்டுமுன் பிணிமுதலை நாடுக. ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாயின், எரியாத பெட்ரோல் மாற்றியினுட் புகுந்து எரிந்து பீங்கானையே உருக்கும். எஞ்சின் எண்ணெயைக் குடிப்பின் அதிலுள்ள பாஸ்பரஸ் உலோகங்களை மூடும். இவற்றைத் தீர்க்காது பல்லாயிரம் ரூபாய் செலவிட்டுப் புதியது பூட்டுவோர், ஓட்டைப் பானையில் நீர் முகப்பாரை ஒப்பர். பூலாம்பாடியினின்று அரும்பாவூர்க்குச் சென்று மீளுதல் போன்ற குறுகிய ஓட்டமே நாடோறும் உடைய வண்டியில், மாற்றி போதிய வெப்பம் பெறாமலும் போகலாம். பழுது நீக்கிக் குறியை அழித்தபின், பெரம்பலூர் சென்று திருச்சி – சென்னை நெடுஞ்சாலையிற் சீரான வேகத்தில் ஓட்டி, கணிப்பொறி தன் சோதனையை முடித்ததா என மீண்டும் ஸ்கேனரில் நோக்குதலே முடிவான சான்றாகும். விளக்கு அணைந்தமை மாத்திரம் சான்றாகாது.

நிற்க. சிலர் செலவிற்கு அஞ்சி, மாற்றியின் உள்ளீட்டை உடைத்தெறிந்து வெறுங்குழாயாக்கி, பின் சென்சாரையும் ஏமாற்றி விளக்கை அணைத்துவிடுகின்றனர். இது பிணி தீர்த்தலன்று. பிணியாளன் வாயைப் பொத்துதலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, புகை வரம்பை மீறும் வண்டியை ஓட்டுதலைத் தண்டத்திற்குரியதாக்கியுள்ளது. சட்டம் காணாதொழியினும், அவ்வண்டி பள்ளியின் வாயிலில் நின்று உறுமும்போது, கார்பன் மோனாக்சைடு அருகிருக்கும் சிறுவரின் குருதியிற் கலந்து, அது பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குறைக்கும். அந்நஞ்சிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகவே அதனைக் கண்டு விலகுவாரும் இல்லை.

ஆகலின் நண்பர்காள், விளக்கு எரியுங்கால் அதனை அணைக்கும் வழியைத் தேடாது, எரிந்ததன் காரணத்தைத் தேடுவோமாக. ஆராய்ந்தபின் ஒரு பிளக்கை மாற்றினாற் போதுமாயின் பொருள் மிஞ்சும். மாற்றியையே மாற்ற நேரினும், பிறர் மூச்சு நம்மால் மாசுபடாமை மிஞ்சும்.