புட்டியும் பிள்ளையும்

வர்த்தகச் சகோதரர்களே! காலியான சர்பத்துப் புட்டியில் மண்ணெண்ணெயையோ தின்னரையோ ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. தாகமெடுத்த குழந்தைக்கு எழுத்துத் தெரியாது, புட்டியைத்தான் தெரியும்.

மண்ணெண்ணெய் வயிற்றைவிட நுரையீரலுக்கே பெரும் பகை. வாந்தி எடுக்கையில் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஆகவே தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. (உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கும் வீட்டுப் பெரியவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்!) புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மலேசியாவில் அவசர எண் 999. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் அமைந்த தேசிய நச்சு மையமும் இதற்கு ஆலோசனை கூறும்.

இனி வாடிக்கைக்காரர் வெறும் சர்பத்துப் புட்டியை நீட்டினால், வியாபாரம் போனாலும் போகட்டுமென்று மறுத்துவிடுவோம்.