அஞ்சவைக்கும் கலை

தேன்கனிக்கோட்டையைச் சூழ்ந்த காடுகளினின்று, கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைகள் வயல்களுக்கு வருவதுண்டு. உழவர் இரவெல்லாம் பரண்மீது அமர்ந்து காவல் காப்பர். இதனையே கதைப்பொருளாகக் கொண்டு, அவ்வூர் மாணவர் சிலர் பத்து நிமிடத் திகில் குறும்படம் ஒன்றை எடுக்க முற்படுகின்றனர் எனக் கொள்வோம். யானைக்கு எங்கே செல்வது என்பதே அவர்களுக்கு எழும் முதல் வினா.

இதற்கு விடை கூறுவது, 1954ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' என்னும் திரைப்படம். வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாடலும் இல்லை; நடனமும் இல்லை. ஒரு கொலை, ஐயத்திற்குரியோர் பலர், அவரவர் கூற்றும் வேறு வேறு. கொலையாளி இன்னார் என்பதை இறுதிவரை மறைத்தமையே காண்போரைக் கட்டி நிறுத்தியது.

மறைத்தல் எளிதன்று. எதனை எப்பொழுது வெளிப்படுத்துவது என்பதை முன்னரே எழுதி, காட்சிகளை வரைந்து வரிசைப்படுத்துதல் வேண்டும். அங்ஙனம் திட்டமிடும் மாணவர், யானையைக் காட்ட வேண்டுவதில்லை எனத் தெளிவர். கிளை முறியும் ஓசை, காவலரின் அகன்ற விழி, அணையும் விளக்கு ஆகியவையே போதும். காவலரின் சட்டை ஒரு காட்சியில் வெண்மையாகவும் அடுத்ததில் நீலமாகவும் இருப்பின், அச்சம் நகைப்பாய்விடும். ஆதலின், அதனைக் குறித்து வைப்பவரும் நடிப்பவருக்கு இணையானவரே.

படத்தில் அச்சம் வேண்டும். எடுப்போர்க்கு இடர் நேர்தல் கூடாது. யானை நடமாடும் வயலை விடுத்து, பள்ளி வளாகத்திலேயே பரண் அமைத்தல் அறிவுடைமை.

படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உழவர்க்கோ அறுவடை முடியும்வரை அவ்வச்சம் நீங்குவதில்லை. இதனை உணர்தலே மாணவர் பெறும் தலையாய பாடமாகும்.