பொருளின் பெயருக்குத் தடித்த எழுத்து: தேர்ந்தெடுக்கும் முறை

செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, தேன், ஊறுகாய், மசாலைப் பொடி முதலிய பொருள்களை நம் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தயாரித்து விற்று வருவதை யாவரும் அறிவோம். ஊருக்குள் விற்கும்வரை இப்பொருள்களுக்குப் பெயர் எழுத வேண்டிய தேவை பெரிதாக இல்லை. செய்தவரை அறிந்தே மக்கள் வாங்குகின்றனர். நகரத்துக் கடைக்கோ மதி அங்காடிக்கோ பொருள் சென்றவுடன் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே செய்தவர் அருகில் இல்லை. பல ஊர்ப் பொருள்கள் ஒரே அடுக்கில் நிற்கின்றன. வாங்க வருபவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கண்ணில் பட்ட பெயரைப் படித்து, அதை எடுத்துக்கொண்டு போகிறார்.

ஆகவே, பொருளின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்று குழுவினர் விரும்புவது இயல்பே. ஆனால் தடிப்பு வேறு, தெளிவு வேறு. தடிப்பு மிகுந்தால் பெயர் கண்ணில் படும், படிக்க வராது. அச்சிட்ட உறைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய பின் இக்குறை தெரிந்தால், குழுவின் சேமிப்பு வீணாகிவிடும். வண்ண உறை அச்சிடும் முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி அச்சு உருளை செய்ய வேண்டியிருப்பதால், ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் புதிய செலவு உண்டாகும். இச்செலவைத் தவிர்க்கும் வழியை இங்கு ஆராய்வோம்.

தடித்த எழுத்தின் பணி

எழுத்தின் அளவு பணச் செலவோடு தொடர்புடையது என்பதை நம் அச்சு வரலாறே காட்டுகிறது. தமிழ் எழுத்தில் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது. பின்னர் 1713-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தபோது, அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. அதனால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டனர். அவையெல்லாம் புத்தகத்தைக் கையில் வைத்துப் படிப்பதற்கான எழுத்துகள். மிகத் தடித்த விளம்பர எழுத்து இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரொட்டிகளுக்காகத் தோன்றியது. தொலைவில் செல்பவரை நிறுத்துவதே அதன் நோக்கம். ஒன்றிரண்டு சொற்களுக்கு அது பொருந்தும். பத்தி முழுவதையும் அதில் அச்சிட்டால் கண் சோர்ந்துவிடும்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முதல் விதி யாதெனில், ஓர் உறையில் தடித்த எழுத்து ஒரு செய்திக்கு மட்டுமே உரியது. குழுவின் பெயர், பொருளின் பெயர், 'சுவையானது' என்னும் விளம்பரம், தொலைபேசி எண் ஆகிய அனைத்தையும் தடித்து எழுதினால் எதுவும் முன்னே வாராது. கடைக்கு வருபவர் தேடுவது பொருளையே. ஆகையால் புதிதாகத் தொழில் தொடங்கும் குழு, பொருளின் பெயரையே பெரிதாகவும் தடிப்பாகவும் வைத்து, தன் பெயரை அதற்கு மேலே சற்றுச் சிறிதாக வைப்பது நலம்.

தமிழ் எழுத்தும் சுழியும்

ஆங்கில எழுத்துகளில் நேர்கோடுகள் மிகுதி. தமிழ் எழுத்துகளிலோ சுழிகளும் வளைவுகளும் மிகுதி. கோட்டைத் தடிப்பாக்கும்போது சுழியின் உள்ளே இருக்கும் வெற்றிடம் குறுகுகிறது. மேலும் தடித்தால் அடைபட்டே போகிறது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் அப்போது ஒன்றுபோல் தோன்றும். 'எண்ணெய்' என்னும் சொல்லில் ணகரம் இரண்டு முறை வருகிறது. அதில் சுழி அடைபட்டால் தொலைவில் நிற்பவருக்குக் கருந்திட்டு ஒன்றே தெரியும்.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் ஒரு சிறு சுழியே. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்து வடிவில் பிரித்தறியச் செய்தது வீரமாமுனிவரின் சீர்திருத்தமாகப் போற்றப்படுகிறது. அச்சுழி அடைபட்டால் 'தேன்' என்பது 'தென்' ஆகிவிடும். இகரக் கொக்கிக்கும் ஈகாரச் சுழிக்கும் இதே இடர் உண்டு. புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகத் தோன்றும். ஆகவே, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் ண, ணெ, ஞ, கே, கீ, ன் ஆகிய எழுத்துகளைப் பார்க்க வேண்டும். இவை தெளிவாக இருந்தால் ஏனையவற்றில் பெரும்பாலும் குறை இராது.

இடமும் அளவும்

விளம்பரப் பலகை எழுதுவோர், பத்தடித் தொலைவிற்கு ஓர் அங்குல உயரம் என்னும் பொது அளவைக் கைக்கொள்கின்றனர். கடை அடுக்கிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பவருக்கு அரை அங்குல எழுத்தாவது வேண்டும். சுழி மிகுந்த தமிழ் எழுத்துக்கு அதனினும் சற்றுக் கூடுதலாக வைப்பது நல்லது.

உருண்டையான பாட்டிலில் மற்றொரு சிக்கலும் உண்டு. எதிரே நிற்பவர் அதன் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் உள்ள எழுத்தையே எளிதாகப் படிக்க முடியும். சுற்றளவு 24 செ.மீ. எனில், பெயர் 8 செ.மீ. அகலத்திற்குள் அடங்க வேண்டும். 'நல்லெண்ணெய்' என்னும் சொல் கொம்புகளைச் சேர்த்து எட்டு வடிவங்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1 செ.மீ. அகலமே கிடைக்கும். 'கடலை எண்ணெய்' என்பதை இரண்டு வரியாக அமைத்தால், நீண்ட வரியில் ஐந்து வடிவங்களே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1.6 செ.மீ. கிடைக்கிறது. பெயரைச் சூட்டும்போதே இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர் குறுகியதாக இருந்தால் எழுத்து பெரிதாகும்; எழுத்து பெரிதானால் தடிப்பையும் தாங்கும்.

இடம் போதவில்லை என்று கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவது பல அச்சகங்களில் வழக்கமாக இருக்கிறது. இவ்வாறு நெருக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, கிடைக் கோடுகள் தடித்தே நின்று, எழுத்தின் வடிவம் கெடும். அதற்கு மாறாக, பெயரை இரு வரியாக்கலாம். அல்லது இயல்பிலேயே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துருவைத் தேடலாம்.

தாளும் துணியும்

ஒரே எழுத்து எல்லாப் பரப்பிலும் ஒரே விதமாக அமைவதில்லை. வழவழப்பான தாளில் மை பரவாது நிற்கும். துணிப்பை, பழுப்புத் தாள் உறை, ஓலைப் பெட்டி ஆகியவற்றில் மை சிறிது பரவும். பரவும் மை சுழியை அடைக்குமாதலால், இத்தகைய பரப்புகளுக்கு ஒரு படி மெல்லிய எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருநிறத்தின் மேல் வெள்ளை எழுத்தை விட்டு அச்சிடும்போது இதற்கு நேர்மாறான நிலை உண்டாகிறது. அங்கே மை வெள்ளைக் கோட்டினுள் பரவி அதை மெலியச் செய்யும். ஆகையால் கோடு சற்றுத் தடித்திருக்க வேண்டும்.

பழைய எழுத்தும் புதிய எழுத்தும்

பழைமையை நினைவூட்டும் பொருட்டு, துதிக்கை போன்ற கொம்புடைய பழைய 'லை', 'னை' முதலிய வடிவங்களைச் சிலர் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாடு அரசு 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபின் பள்ளியில் படித்தவர்களுக்கு இவ்வடிவங்கள் பழக்கமானவை அல்ல. 'கடலை'யைப் பழைய வடிவில் எழுதினால் முதியோர் மகிழ்வர், இளைஞர் தயங்குவர். சுவையையும் தரத்தையும் காட்டப் பிற வழிகள் இருக்க, பெயரைப் புரியாததாக ஆக்குவது பொருந்தாது.

சட்டம் கூறுவது

சிப்பமிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும் முதலியவற்றைத் தெளிவாக அச்சிட வேண்டும். எண்களுக்கு உரிய குறைந்தபட்ச உயரத்தை விதிகள் வரையறுக்கின்றன. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையலாகாது என்பதும் விதி. இவ்விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும்; அவற்றோடு தமிழிலும் தரத் தடையில்லை. எனவே, தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் இணைந்து வரையப்பட்ட எழுத்துருவே நமக்கு வசதியானது.

உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க எண்ணும், சைவ உணவுக்குரிய பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டமும் இருக்க வேண்டும். 'தூய', 'இயற்கை', 'பாரம்பரிய' போன்ற சொற்களைப் பயன்படுத்துவதற்கு 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் நிபந்தனைகளை வகுத்துள்ளன. அவற்றைச் சரிபார்க்காமல் இச்சொற்களைத் தடித்த எழுத்தில் இடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டிலும், மணப்பாறை முறுக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அப்பெயர்களை உரிமை பெற்ற உற்பத்தியாளர்களே பயன்படுத்தலாம். வேற்றூர்க் குழு அப்பெயரைத் தன் உறையில் பெரிதாக அச்சிடுவது, அவ்வூர் உழைப்பாளிகளின் வாயில் மண்ணைப் போடுவதற்கு ஒப்பாகும். அவ்வாறே நம் பெயரைப் பிறர் கவராதிருக்க, 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம்.

எழுத்துருவின் உரிமை

எழுத்துருவுக்கும் உரிமையாளர் உண்டு. அனுமதியின்றிப் படியெடுத்த எழுத்துருவைப் பயன்படுத்தினால், விற்பனை பெருகும் காலத்தில் வழக்கு வந்து நிற்கலாம். கட்டணமின்றி வணிகத்திற்கும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமம் கொண்ட எழுத்துருக்கள் இன்று உள்ளன. 'பாலூ தம்பி' உருண்டு திரண்ட தடித்த வடிவமுடையது; இனிப்பு, தின்பண்டங்களுக்குப் பொருந்தும். 'கட்டமரன்' எழுத்துரு மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது படிகளிலும், 'முக்தா மலர்' ஏழு படிகளிலும் கிடைக்கின்றன. இவை மூன்றிலும் ஆங்கில எழுத்துகளும் உண்டு. பல படிகள் உள்ள எழுத்துருவில் பெயருக்குத் தடித்த படியையும் விவரங்களுக்கு மெல்லிய படியையும் எடுத்துக்கொண்டால், உறை முழுவதும் ஒரே குடும்பமாக விளங்கும்.

தேர்வு செய்யும் முறை

மூன்று எழுத்துருக்களைத் தேர்ந்து, பெயரை உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்செடுக்க வேண்டும். அவற்றை வெட்டி உண்மையான பாட்டிலில் ஒட்டி, கடையில் விற்கும் பிற பொருள்களுக்கிடையே வைக்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று, பொருளின் பெயரை முன்பு அறியாத ஒரு முதியவரையும் ஒரு பள்ளிச் சிறுவனையும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்த எழுத்தில் தடுமாறுகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்க. மாலையில் விளக்கொளியிலும் இதையே செய்து பார்க்க வேண்டும். தடுமாற்றமின்றிப் படிக்கப்படுவனவற்றுள் மிகத் தடித்தது எதுவோ, அதுவே நாம் கொள்ளத்தக்கது. குழுவில் உள்ளவர்களைக் கேட்டால் போதாது. பெயர் அவர்களுக்கு மனப்பாடமாதலால் படிக்காமலே சொல்லிவிடுவர்.

அச்சகத்தில் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறுவதும் புள்ளி விடுபடுவதும் உண்டு. இறுதிப் படியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்து, குழுவின் இருவர் கையெழுத்திட்ட பின்னரே அச்சிட அனுமதிக்க வேண்டும். முதல் தடவை அச்சிட்ட உறைகளுக்குப் பதிலாக லேபிள்களைச் சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டு விற்றுப் பார்ப்பது அறிவுடைமை.

ஊராட்சியின் கடமை

இதில் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் எளிதாகச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. கூட்டம் தொடங்குமுன் குழுவின் மூன்று மாதிரிகளை ஒரு மேசைமேல் வைத்து, வருவோரைப் படிக்கச் சொன்னால், நகரத்து விளம்பர நிறுவனத்திற்குப் பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய சோதனை செலவின்றி நிறைவேறும். ஊர் மக்கள் படித்துத் தேர்ந்த பெயராதலால் அவர்களும் அப்பொருளைத் தம் ஊர்ப் பொருளாகக் கருதி, வெளியூர் உறவினரிடம் எடுத்துரைப்பர்.

காலையில் செக்கடியிலும் மாலையில் அடுப்படியிலும் உழைத்து நம் பெண்கள் உருவாக்கும் பொருள், பெயர் தெரியாமல் அடுக்கின் பின்வரிசையில் தூசி படிந்து கிடக்கலாகாது. அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு குழுவும் தன் மாதிரிகளோடு வருமாறு ஊராட்சி மன்றங்கள் இப்போதே அழைப்பு விடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.