படமும் பொய்யில்லை, கண்ணும் பொய்யில்லை

கடந்த பிப்ரவரியில் ஒரு மாலை, பாடியில் உள்ள எங்கள் பள்ளி மொட்டைமாடியில் 70 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கியை நிறுத்தி, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். முதலில் பார்த்த மாணவி திரும்பிக் கேட்டாள்: “சார், படத்துல சிவப்பும் நீலமுமா இருந்துச்சே! இங்க புகை மாதிரிதான் தெரியுது. அந்தப் படம் பொய்யா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்மா” என்றேன். பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் அறிவியலை நம்பாமல் போயிருப்பாள். அல்லது தன் கண்ணையே நம்பாமல் போயிருப்பாள். இரண்டுமே இழப்புதான்.

எங்கே பார்ப்பது?

ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் ஓரியன் நம் வானில் நன்கு உயரத்தில் இருக்கும். சிவந்த திருவாதிரை நட்சத்திரம் அதன் தோள். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள்; அவற்றுக்குத் தெற்கே தொங்கும் சிறு வரிசையின் நடுவில் மங்கலாகத் தெரிவதே நெபுலா. மேம்பால விளக்குகளின் வெளிச்சத்தையும் மீறி, பாடியிலிருந்தே பார்க்க முடிகிற வெகுசில நெபுலாக்களில் இது ஒன்று. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளதுபோன்ற இருண்ட இடங்களில் இன்னும் விரிவாகத் தெரியும்.

நிறம் ஏன் தெரியவில்லை?

நெபுலா என்பது வாயுவும் தூசும் கலந்த முகில். இதன் மையத்தில் உள்ள இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜனை ஒளிரச் செய்கின்றன. அந்தச் சிவப்பு உண்மையானதே. ஆனால் மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கூம்பு செல்கள் சரிவர வேலை செய்வதில்லை. குச்சி செல்களே பார்க்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. கேமராவோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கிறது. சில விண்வெளிப் படங்களில், கண்ணுக்குத் தெரியாத கதிர்களுக்கும் நிறம் கொடுக்கிறார்கள் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. சன்னல்களை மூடி, மிக மங்கிய வெளிச்சத்தில் வண்ணத்தாள்களைக் காட்டி நிறம் சொல்லச் சொல்லுங்கள். தவறுகளைப் பட்டியலிடுங்கள்.

2. இரவில், பார்ப்பதற்கு முன் 20 நிமிடம் இருட்டில் இருக்கவேண்டும். கைப்பேசி கூடாது.

3. நெபுலாவை நேராக உற்றுப் பார்க்காமல், சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாகத் தெரியும்.

4. கண்டதைப் பென்சிலால் வரைந்த பிறகே புகைப்படத்தைக் காட்டுங்கள்.

பெற்றோர் அனுமதி அவசியம். தொலைநோக்கியைப் பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

மறுநாள் வண்ணத்தாள் சோதனையைச் செய்தோம். அந்த மாணவி பச்சையைக் கறுப்பு என்றாள். விளக்கைப் போட்டதும் அவளே சிரித்துவிட்டாள். முந்தைய இரவு அவள் பார்த்த ஒளி சுமார் 1,350 ஆண்டுகளுக்கு முன், பல்லவர் காலத்தில் புறப்பட்டது என்றேன். அன்று மாலை மறுபடி வரிசையில் நின்றாள். இம்முறை வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவள் வரைந்த படத்தில் சாம்பல் நிறப் புகையும், அதன் நடுவே நான்கு புள்ளிகளும் இருந்தன. அந்த நான்கு நட்சத்திரங்களைப் பற்றி நான் அதுவரை வகுப்பில் சொல்லியிருக்கவே இல்லை.